கிட்டம் அல்ல

மேல் டிவிசன், புசல்லாவை.
14.08.1996

நாத்தனார் பாப்பம்மாவுக்கு அண்ணி வேலாயி எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. நான் நலம். உன் நலம் அறிய எனக்கு இப்போது ஆவல் இல்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாக இருக்கும். விஷயம் கோணல் இல்லை.

கோத்தகிரியிலிருந்து நீ அனுப்பிய பேப்பர் துண்டு போன மாதம் வந்தது. மூக்குத்தி போட்டுக்கொண்டு, மடியில் கல்லை வைத்துக்கொண்டு, படத்தில் நன்றாகத்தான் இருக்கிறாய். இருபது வருஷத்துக்கு முன்னால் கோத்தகிரித் தேயிலை மலையில் உன் கண்ணெதிரே வானத்திலிருந்து விழுந்த கல் என்று போட்டிருக்கிறார்கள். மூன்று தரம் வெடித்ததாம். சவுக்கு மரங்களுக்கு மேலே வெள்ளையாகப் புகைக் கோடு ஓடியதாம். தகரத்தைப் பொத்துக்கொண்டு விழுந்ததாம். தொட்டுப் பார்த்தாயாம், சுடவே இல்லையாம், சில்லென்று இருந்ததாம்.

அந்தச் "சில்லென்று" என்ற இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். அடுப்பில் சோறு குழைந்து போனது.

உனக்கு மறந்திருக்கும். எனக்கு எதுவும் மறக்காது, அது என் சாபம். அறுபத்து நாலாம் வருஷம், மாசி மாதம், மத்தியானக் கொழுந்து நிறுக்கும் நேரம். மூன்று வெடிச் சத்தம் கேட்டது. ரோட்டுக்குக் கல் உடைக்கிறார்கள் என்று கங்காணி சொன்னார். நாங்கள் யாரும் தலை நிமிரவில்லை. வீட்டுக்கு வந்தால் லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராக் கூரையில் ஓட்டை. அடுப்படியில் தேங்காய் அளவில் ஒரு கறுப்புக் கல், மூலை உடைந்து கிடந்தது. காய்ச்சலென்று பள்ளிக்கூடம் போகாமல் இருந்த என் மகள் சுந்தரி அதன் பக்கத்தில் நின்றாள். ஒன்பது வயது.

தேயிலை ஸ்டோர் அடுப்பில் எரிந்து கட்டி தட்டிய கிட்டத்தைத்தான் அப்போது பாதைக்குக் கொட்டுவார்கள். கறுப்பாக, பளபளப்பாக இருக்கும். அதை எடுத்துக் கூரையில் எறிந்து விளையாடியிருக்கிறாள் என்று கணக்கப்பிள்ளை முடிவு கட்டினார். தோட்டத்துத் தகரத்தை உடைத்தவர்களை லயத்திலிருந்தே கிளப்பிவிடுவேன் என்று கத்தினார். பிள்ளையோ, "வானத்துலருந்து விழுந்துச்சும்மா, வெடிச்சு வெடிச்சு வந்துச்சு" என்று அதையே சொன்னாள். வானத்திலிருந்து நெருப்பாய் விழுந்ததைக் கையில் எப்படித் தூக்கினாய் என்று கேட்டேன். "சுடலைம்மா, சில்லுன்னு இருந்துச்சு" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில்தான் அவள் பொய்க்காரி ஆனாள். சூடு என்றால் என்னவென்று காட்டுகிறேன் என்று கரண்டியைக் காய்ச்சிக் கெண்டைக்காலில் வைத்தேன். கதவோரம் நீ நின்றாய். "போதும் அண்ணி, புள்ள செத்துரும்" என்றாய். "அது சொல்றது நெசம் அண்ணி" என்று சொன்னாயா?

நீ அன்று மலையிலிருந்து நழுவி வந்து லயத்துக்குப் பின்னால் படுத்திருந்தாய். அங்கிருந்து பார்த்தால்தான் நீ பேப்பரில் சொன்ன சவுக்கு மரங்களுக்கு மேலே வானம் தெரியும். பார்த்தேன் என்று சொன்னால், வேலையை விட்டு வந்ததற்கு அரைப்பேர் என்று அரைநாள் கூலியை வெட்டுவார்கள் என்று வாயை மூடிக்கொண்டாய். அந்த அரைப்பேருக்குத்தான் என் பிள்ளை காலில் தழும்பு. அதோடு போனதா? "கிட்டம்" என்று லயமே அவளைக் கூப்பிட்டது. அவள் கலியாண வீட்டில்கூட, "கிட்டத்தைக் கரை சேர்த்துட்டே வேலாயி" என்று ரத்தினம்மா சிரித்தாள். நீயும் சிரித்தாய். எந்தப் பக்கத்துப் பல் தெரிந்தது என்றுகூடச் சொல்வேன்.

எழுபத்திரண்டில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறும்போது, மலை ஞாபகமாய் இருக்கட்டும் என்று அந்தக் கல்லைக் கேட்டாய். வேறு ஞாபகம் கிடைக்கவில்லையா இவளுக்கு என்று நினைத்தேன். இப்போது புரிகிறது.

பேப்பர் துண்டை எடுத்துக்கொண்டு நாவலப்பிட்டியில் சுந்தரி வீட்டுக்குப் போனேன். சுந்தரி நான் போனால் தேத்தண்ணீர் தருவாள், அரிசி பொறுக்குவாள், பேச மாட்டாள். அன்று நின்றபடியே வாசித்தாள். பிறகு அலுமாரியைத் திறந்து, பழைய சேலைத் துணியில் முடிந்த ஒன்றை என் கையில் வைத்தாள். உடைந்து போன அந்த மூலை. எலுமிச்சங்காய் அளவு. முப்பத்திரண்டு வருஷமாய் வைத்திருந்திருக்கிறாள், பாப்பம்மா. என்னிடம் காட்டவில்லை.

அதை எடுத்துக்கொண்டு பேராதனை கெம்பஸுக்குப் போனேன். கல்லைப் பற்றிப் படிப்பிக்கிற மக்கீன் சேர் என்று ஒருவர். நல்ல மனுஷர், கதிரை போட்டு உட்கார வைத்தார். கண்ணாடியை வைத்து உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு, "கிட்டத்துல பொத்தல் பொத்தலா இருக்கும் அம்மா, பஞ்சு மாதிரி. இதுல ஒண்ணுகூட இல்லையே" என்றார். கிட்டத்தின் மேல் எத்தனை வருஷம் வெறுங்காலோடு நடந்தவள் நான். ஒருதரம் அந்தக் கல்லைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்திருந்தால் போதும்.

அவர் சொன்னதைச் சொல்கிறேன், பேப்பர்க்காரர்களிடம் நீ சொன்னதைவிட இது நிஜம். வானத்திலிருந்து விழும் கல்லில் அநேகம் ஒருதரமும் உருகாதவை. உடைத்தால் கடுகு கடுகாக மணி தெரியுமாம், எள்ளுருண்டை மாதிரி. இன்னும் சில, ஏதோ ஒரு சின்னக் கிரகத்துக்குள் பாகாய் உருகி, கனத்த இரும்பு அடியில் இறங்க, மேலே நின்று இறுகியவை. அதில் மணி இருக்காது. அதிலும் சாதி உண்டாம்: நிலாவிலிருந்து பெயர்ந்து வந்தது, செவ்வாயிலிருந்து வந்தது, சாம்பல் வெள்ளையாய் இருப்பது, வைரத்தூள் கலந்து கறுப்பாய் இருப்பது. கடைசியில் சொன்னதற்குத் தாய் எது என்றே இன்னும் தெரியாதாம். நம்முடையது வெஸ்டா என்ற சின்ன உலகத்தின் மேற்பரப்பில் குழம்பாய் ஓடி ஆறினது போலத் தெரிகிறது, அறுத்துப் பார்த்தால்தான் உறுதி என்றார்.

சில்லென்று இருக்குமா என்று கேட்டேன். இருக்கும் என்றார். விழுகிற அந்தச் சில நொடியில் தோல் மட்டும்தான் உருகிக் கறுப்பாகுமாம். உள்ளே வானத்துக் குளிர் அப்படியே இருக்குமாம். "அந்தப் புள்ள பொய் சொல்லியிருந்தா, சுட்டுச்சுன்னுதான் சொல்லியிருக்கும்" என்றார். அதற்கு மேல் எனக்கு அங்கே உட்கார முடியவில்லை.

இப்போது நீ செய்ய வேண்டியது. விழுந்த ஊரின் பேரைத்தான் அந்தக் கல்லுக்கு வைப்பார்களாம். யார் பார்த்தது, எந்த நாள் என்றும் பதிவார்களாம். உன் பொய்யால் அது கோத்தகிரிக் கல் ஆகப் போகிறது. மக்கீன் சேர் இங்கிருந்து எழுதத் தயார், ஆனால் பார்த்த ஆள் சொல்ல வேண்டும். சுந்தரியிடம் கேட்டேன். "நான் ஒருதரம் சொல்லிட்டேன்மா, போதும்" என்றாள். ஆக, மிச்சம் இருப்பது நீ ஒருத்தி.

பேப்பர்க்காரனுக்கு எழுது, எழுதாமல் போ, அது உன் மானம். மக்கீன் சேருக்கு எழுதியே ஆக வேண்டும். விலாசம் பின்பக்கத்தில் இருக்கிறது. அதற்கு முன்னால் சுந்தரிக்கு எழுது. எனக்கு வேண்டாம், அவள் பேருக்கு. அத்தை நானும் பார்த்தேன், நீ சொன்னது அத்தனையும் நெசம் என்று எழுது. நீங்களே சொல்லலாமே அண்ணி என்று கேட்பாய். இரண்டு தரம் பஸ் ஏறிப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்வரை வார்த்தை வாயில் இருக்கிறது. அவள் தேத்தண்ணீர்க் கோப்பையை நீட்டியதும் பருப்பு என்ன விலை என்று கேட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.

உன் கடிதம் வருகிற வாரம் நான் அந்தப் பக்கம் போகமாட்டேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக வாசிக்கட்டும்.

உனக்கு மூச்சு வாங்குகிறது, டாக்டர் இனிப்பு கூடாது என்றிருக்கிறார் என்று எழுதியிருந்தாய். மருந்தை வேளை தவறாமல் குடி. கதிர்காமத்து முருகன் உனக்கு நல்ல ஆயுசு கொடுக்கட்டும். அந்த ஒரு கடிதத்தைத் தபாலில் போடும் வரைக்குமாவது கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன் பெண்டாட்டி,
சுந்தரியின் தாய்,
வேலாயி