ஆர்கன் சிலிண்டரோடு நான் புறப்பட்ட நாள்

மச்சான்,

இன்று காலை பட்டறையில் புது ஆர்கன் சிலிண்டரைத் திறந்தேன். 'உஸ்' என்ற சத்தம் வந்ததும் வால்வை மூடிவிட்டுத் தள்ளி நின்றேன். நிறமும் மணமும் இல்லாத வாயு. வெல்டிங் செய்யும்போது உருகிய உலோகத்தில் காற்றுப் படாமல் காப்பது அதன் வேலை. அதை வைத்துத்தான் இன்றும் சோறு தின்கிறேன்.

உனக்கு நினைவிருக்கும். துறைமுகத்தில் ஒரு பெரிய இரும்புத் தாங்கிக்குள் அந்த வாயு தேங்கி நிற்பது தெரியாமல் இறங்கினேன். இரண்டு மூச்சில் கால் மடங்கிவிட்டது. கொலரில் பிடித்து நீதான் வெளியே இழுத்துப் போட்டாய். கண் திறந்ததும் கன்னத்தில் ஒன்று விட்டாய். "இது மூச்சை விழுங்கிற சாமான்டா. இனி என்னைக் கேக்காம இறங்காதே" என்றாய். சரி என்று தலையாட்டினேன்.

பிறகு அந்த நாள். நீ வந்த பஸ்ஸுக்குப் பக்கத்தில் குண்டு வெடித்தது. உடம்பில் கீறல்கள்தான், தலையில்தான் பலமான அடி. மூளை வீங்கிக்கொண்டு போகிறது, பார்ப்போம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். அந்தப் 'பார்ப்போம்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? வெள்ளவத்தையிலிருந்து வரும் இளம் டொக்டரம்மாவை வாசலிலேயே மறித்துப் பிடித்தேன், ஏதாவது வழி சொல்லுங்கள் என்று. பாவம், என் கரைச்சல் தாங்காமல் சொன்னாள்.

"செனான் எண்டொரு வாயு மூளையைக் காப்பாத்துமோ எண்டு வெளிநாட்டிலை பாக்கினம், அண்ணை. ஆர்கனையும் எலியளுக்குக் குடுத்துப் பாக்கினம். ஆனா அது மனுசருக்குக் குடுக்கிற அளவுக்கு இன்னும் வரேல்லை."

கடைசி வசனம் என் காதில் ஏறவே இல்லை. ஆர்கன்! நம் பட்டறை மூலையில் சும்மா நிற்கிற சாமான்!

உன் மனைவி ரீட்டா வார்டு வாசலில் என்னை நிறுத்தினாள். "அவருக்குக் கேக்குமாம், கதைக்கச் சொல்லுறாங்க. உங்கட குரல் எண்டா அவருக்கு விளங்கும். ஒருக்கா வந்து கதையுங்களேன்" என்றாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு, மடையன், கொட்டாஞ்சேனையில் இருக்கும் நம் பட்டறைக்கு ஓடினேன்.

சின்ன சிலிண்டர் ஒன்றைச் சாக்கில் சுற்றித் த்ரீவீலில் ஏற்றினேன். உன் முகத்தில் போட்டிருந்த மாஸ்குக்குள் ஒரு குழாயைச் செருகி, கொஞ்சம் கொஞ்சமாக விடலாம் என்று திட்டம். அது மூச்சை விழுங்கும் என்று எனக்குத் தெரியாதா? என்னைவிட யாருக்குத் தெரியும்? தெரிந்தும் போனேன். உன்னைக் கேட்க வழியில்லை.

செக் பொயின்ட்டில் மறித்தார்கள். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர், மடியில் சிலிண்டர். யார் விடுவான்? ஆஸ்பத்திரியில் கிடக்கும் கூட்டாளிக்கு மருந்து என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கெஞ்சினேன். அதைக் கேட்டதும் சந்தேகம் இன்னும் கூடியது. முதலாளி மாத்தயா, அந்தச் சிங்கள ஐயா, பொலிசுக்கு வந்து, இது என் பட்டறைச் சாமான் என்று எழுதிக் கொடுத்து என்னை வெளியே எடுத்தபோது மறுநாள் மத்தியானம். அன்று காலையிலேயே நீ போய்விட்டாய்.

செத்தவீட்டுக்கு வந்த டொக்டரம்மாவிடம் மட்டும் உள்ளதைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. அப்படி விட்டிருந்தால் நிமிடக் கணக்கில் முடிந்திருக்கும் என்றாள்.

ரீட்டா ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் ஒரு தமிழனை ஏன் பிடித்தார்கள் என்று யார் கேட்டார்கள்? உன்னைப் பார்க்க வரும் வழியில் என்னைப் பிடித்துவிட்டார்கள் என்றே இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்கிறாள். உன் நினைவுப் பூசைக்கு வருசாவருசம் என்னை முன்வரிசையில் தன் பக்கத்திலேயே இருத்துகிறாள். "அந்தப் படுபாவியள் மறிக்காட்டி நீங்க வந்திருப்பீங்க. உங்கட குரலைக் கேட்டு அவர் எழும்பியிருப்பார்" என்று அழுகிறாள். அவர்கள் மறிக்காமல் விட்டிருந்தால் உன்னைக் கொன்றவன் நான், மச்சான். இதை அவளுக்குச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.