பௌர்ணமித் தேதி போட்ட பாட்டில்

4-5-2025, ஞாயிறு
பெரிய பேரன் கோபி ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் சரிபார்க்கிறான். ஒரு தையல் கோணினாலும் ஜோடியையே தள்ளிவிடுவானாம். சின்னவன் ஆதவன் ஒரகடத்தில் கார் பிரேக் சோதிக்கிறான். பேத்தி சிந்துஜா மாத்திரை கம்பெனியில் தரம் பார்க்கிற அதிகாரி. அவள் கையெழுத்து விழாமல் லாரி கிளம்பாது. நான் படித்தது ஐந்தாவது. என் வீட்டில் மூன்று பேர் ‘இது ஆகாது’ என்று சொல்லியே சம்பளம் வாங்குகிறார்கள்!

8-5-2025, வியாழன்
சிந்துஜாவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை குமரேசன். செங்கம் ரோட்டில் சொந்தத் தண்ணீர் பாட்டில் கம்பெனி. சிரித்த முகம். பழத்தட்டோடு அவர்கள் பாட்டிலும் ஒரு பெட்டி வந்தது. இவள் சும்மா இருந்தாளா? ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

“இன்னிக்கு எட்டுதானே? இதுல பன்னெண்டுன்னு போட்டிருக்கு.”

மாப்பிள்ளையின் அம்மா சந்திரகலா சிரித்தாள். “அன்னிக்குப் பௌர்ணமி கண்ணு. கிரிவலக் கூட்டத்துக்கு முன்னாடியே ரொப்பி வெச்சிடுவோம். தேதி புதுசா இருந்தாதான் ஜனங்க வாங்குவாங்க.”

“ரொப்பின தேதியத்தாங்க போடணும். எங்க கம்பெனின்னா மொத்தத்தையும் நிறுத்தியிருப்பேன்.”

அந்த அம்மா முகம் சுண்டிப்போனது. “நாங்க பொண்ணு பாக்க வந்தமா, செக்கிங்குக்கு வந்தமா?”

மாப்பிள்ளை பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

9-5-2025
மகன் இராமலிங்கம் சாப்பிடவில்லை. “ஒரு நாள் வாய மூடினு இருந்தா இவளுக்கு என்ன கம்மியாயிடும்?”

“மாத்திரைன்னா சொல்லணும், தண்ணின்னா சொல்லக்கூடாதாடா?” என்றேன்.

சிந்துஜா என் பக்கத்தில் வந்து படுத்தாள். “தப்பு பண்ணிட்டனா ஆயா? எனக்கு அவர புடிச்சிருந்துது.”

இல்லடி என்று சொல்லிவிட்டேன். ஆனா அவன் வராமப் போயிட்டா? — வருவான். பாட்டிலைப் பார்த்த பார்வை அப்படி.

10-5-2025
மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் இல்லை.

12-5-2025, பௌர்ணமி
கிரிவலம் போனேன். எப்போதும் கடைக்குக் கடை குமரேசன் கம்பெனி பாட்டில்தான் இருக்கும். இன்று ஒன்றுகூட இல்லை. கடைக்காரர் சிரிக்கிறார்: “ரொப்பினதெல்லாம் திருப்பி எடுத்துனு பூட்டாங்கம்மா. பௌர்ணமி யாவாரத்த உட்டுட்டான், பைத்தியக்காரப் புள்ள!”

அண்ணாமலையானே, அந்தப் பைத்தியக்காரன்தான் வேணும்.

18-5-2025, ஞாயிறு
சந்திரகலா வந்தாள், விறைப்பாகத்தான். “மிஷினாண்டயே நின்னுனு தேதி பாக்கறான். உங்க பேத்தியே வந்து பாத்துக்கட்டும்.”

1-6-2025
சிந்துஜா அவர்கள் கம்பெனிக்குப் போய்ப் பார்த்தாள். இரண்டு குறை சொன்னாளாம், அவன் எழுதிக்கொண்டானாம். வாசலில் சேர்ந்து நின்று படம் எடுத்திருக்கிறார்கள். நம் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற, மாத்திரை கம்பெனியில் எடுத்த படத்தில் முகமூடிக்கு மேலே அவள் கண் மட்டும்தான் தெரிகிறது. வேலைக்குத் திரும்ப அவள் பஸ் ஏறும்போது சொல்லி அனுப்பினேன்: புதுப் படத்தைக் கழுவித் தபாலில் போடுடி, போனில் வேண்டாம். ரெண்டு பேர் முகமும் முழுசாத் தெரியணும்.