சபூராவும் ஹுஜுராத் சூராவும்

16 ஜூன் 2025, திங்கள்
மகளைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டுப் பரவை மார்க்கெட் போய் வந்தேன். பெண்கள் குர்ஆன் வகுப்பில் இந்த மாதம் ஹுஜுராத் சூரா. சின்ன அத்தியாயம்தான். ஓதுவதற்குச் சிரமமில்லை.

18 ஜூன், புதன்
மனசே சரியில்லை. வேன் ஓட்டும் தங்கப்பாண்டி அண்ணன் குடித்துவிட்டு ஓட்டுகிறார், டீக்கடை வாசலில் தள்ளாடி நின்றார் என்று பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு செய்தி வந்தது. யாரோ அனுப்பியது, யார் யாரோ கடத்திவிட்டது. மாலைக்குள் ஆளை மாற்று என்று ஒரே கூச்சல். நானும் தங்கைக்கு அனுப்பப் போனேன்.

சபூரா தடுத்தாள். என் நாத்தனார்; ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள்.

“மச்சி, நீங்க பாத்தீங்களா?”

“ஊரே சொல்லுதே!”

“செய்தி வந்தா மொதல்ல விசாரிங்கன்னுதான சூராவுல இருக்கு? தெரியாம ஒருத்தரக் கெடுத்துட்டு அப்பறம் வருத்தப்பட்டு, கைசேதப்பட்டு என்ன செய்ய?”

“அப்ப எம்புள்ளைய அந்த வேன்ல அனுப்பவா?” கத்திவிட்டேன்.

“அனுப்ப வேணாம். விசாரிக்கிற வரைக்கும் நானே வண்டியில கொண்டு போய் விடுறேன்.”

19 ஜூன், வியாழன்
சபூராவோடு தங்கப்பாண்டி அண்ணன் வீட்டுக்குப் போனேன். மனிதர் தலைநிமிரவே இல்லை.

“அண்ணே, குடிச்சீங்களான்னு கேக்க வரல. என்ன ஆச்சுன்னு கேக்க வந்தேன்,” என்றாள்.

அவ்வளவுதான், உடைந்து அழுதுவிட்டார். அவர் மனைவி முத்துமீனாதான் சொன்னார்: “சுகர் மாத்திரையப் போட்டுட்டு வெறும் வயித்தோட கெளம்பிருவாரு தாயி. அன்னைக்குக் கிறுகிறுன்னு வந்துருச்சு. பாட்டிலத் தொட்டதே இல்ல.”

சபூரா உருகிப்போய் விட்டுவிடவில்லை. “டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் வேனத் தொடாதீங்கண்ணே. புள்ளைங்க இருக்கு.” அவர் எழுந்து உள்ளே போனார். சாவியை எடுத்து வந்து, அதுவரை ஓட்டச் சொல்லி மச்சினனிடம் கொடுத்தார்.

வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டேன். நான் ஓதியதைத்தானே இவளும் ஓதினாள்? எனக்கு ஏன் அது நாக்கோடு நின்றது?

20 ஜூன், வெள்ளி
நடந்ததைச் சபூரா குழுவில் எழுதினாள். அவர் குடிக்கவில்லை, உடம்பு சரியாகும்வரை ஓட்டவும் மாட்டார் என்று. வகுப்பில் எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். “மொதல்ல கெளப்பிவிட்டது யாரு? கண்டுபுடிப்போம்!”

“துருவி ஆராயாதீங்கன்னும் அதே சூராவுலதான் இருக்கு,” என்றாள். 

புறம் பேசுவதை, செத்த சகோதரனின் சதையைத் தின்பதோடு ஒப்பிடும் வசனத்தை அப்புறம் ஓதினோம். 

3 ஜூலை
டாக்டர் மாத்திரையை மாற்றியிருக்கிறாராம். அல்ஹம்துலில்லாஹ்.

14 ஜூலை, திங்கள்
டாக்டர் சரியென்று சொல்லிவிட்டதால் தங்கப்பாண்டி அண்ணனே இன்று வேன் கொண்டு வந்தார். பிள்ளைகள் ஓடி ஏறினார்கள். எங்களோடு வகுப்புக்கு வரும் ரமீஜா மட்டும் தன் மகளின் கையை விடாமல் நின்றாள். பிறகு எல்லோர் முன்னாலும் சொன்னாள்:

“அண்ணே, அந்த மெசேஜ மொதல்ல போட்டது நான்தான். மன்னிச்சிருங்க.”

அவர் ஸ்டியரிங்கிலிருந்து திரும்பிப் பார்த்தார். “புள்ளைக்காகப் பயந்துட்டீங்க. நானும் அதுக்குப் பயந்துதான் சாவியக் குடுத்தேன். ஏத்துங்கம்மா, நேரமாச்சு.”

ரமீஜா மகளைத் தூக்கி அவருக்குப் பின்னாலிருந்த சீட்டிலேயே உட்கார வைத்தாள்.

சபூரா வேலை முடிந்து வந்ததும், செய்தி போட்டவளே மன்னிப்புக் கேட்டுவிட்டாள் என்றேன்.

“நல்லதாப் போச்சு மச்சி,” என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள்.

யார் என்று கேட்கவே இல்லை.