காது குத்த வேணாம்

சேவூர்
12.6.84

பாப்பாவோட அம்மாவுக்கு,

பொண்ணு பொறந்ததும், "ரத்தம் நிக்காத வியாதி அப்பனோட போச்சு"ன்னு உங்கம்மா தெருவெல்லாம் கல்கண்டு கொடுத்தாங்களாமே. கொடுக்கட்டும்.

உள்ள ரத்தம் கட்டி வந்த என் முட்டி வீக்கம் வடிஞ்சிடுச்சு. தறியிலதான் உட்கார முடியல. நாலு இழை நெய்யறதுக்குள்ள எழுந்து வாசலுக்கும் தறிக்கும் நடந்துகினு இருக்கேன். பேஜாரா இருக்குது.

ஞாயித்துக்கிழமை காது குத்தணும்னு எழுதியிருக்கே. வேணாம். நான் வர்ற வரைக்கும் பாப்பாகிட்ட ஊசியே வரக்கூடாது.

டாக்டர் கல்யாணத்துக்கு முன்னாடியே சொன்னாரு. என் பையனுக்கு இது வராதாம். பொண்ணு ரத்தத்துலதான் ஒளிஞ்சிருக்குமாம். அவளுக்கும் சில சமயம் ரத்தம் நிக்காது, அவ பெத்த பையனுக்கு வியாதியாவே வரலாம்னாரு. உன்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரல.

"பொண்ணைக் குடும்மா"ன்னு மாதா முன்னாடி நீ அழுதே. பக்கத்துல முட்டி போட்டு நான் பையனைத்தான் கேட்டேன்.

பாப்பாவோட அப்பன்