கதவில் தெரிந்த நீலம்

நிஷாந்தியின் அம்மாவுக்கு,

நீ என் போத்தலைக் கவிழ்த்துக் கொட்டியது பெரிய தவறு. "பழைய சாயத்தண்ணிதானே, இதுக்கா இந்தச் சத்தம்?" என்று வேறு கேட்டாய். அது தேயிலைத் தூளைக் குக்கரில் நெடுநேரம் அவித்து வடித்த நீர். கண்ணுக்குத் தெரியாத கரிப்படிகங்கள் அதில் மிதக்கின்றன. கள்ளநோட்டுப் பார்க்கும் விளக்கைக் காட்டினால் நீலமாக ஒளிரும். போனில் பார்த்துத்தான் படித்தேன். அதே தூளைச் சட்டியில் கொதிக்கவைத்தால் இப்படி ஒளிர்வதில்லை. ஏன்? மூடிய குக்கரில்தான் அத்தனை சூடு ஏறும். படிகம் பெருத்தால் நிறமும் மாறுமாம். அதைப் பார்ப்பதற்குள் குக்கரைத் தூக்கிக்கொண்டு கொட்டகலைக்கு, நம் மகள் வீட்டுக்குப் போய்விட்டாய்.

நேற்று ஜன்னலை அடைத்துவிட்டு, கொட்டியதில் ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்று விளக்கோடு தேடினேன். தரையில் ஒன்றுமில்லை. நீ ஈரக்கையால் தள்ளிவிட்டுப் போன பலகைக் கதவில் உன் ஐந்து விரலும் நீலமாக இருந்தன. விளக்கை எடுத்தால் இல்லை. காட்டினால் இருக்கிறது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சோதனைக்காகத்தான்.

குக்கரை நீயே கொண்டுவர வேண்டும், மகளிடம் கொடுத்தனுப்பக் கூடாது. சோற்றுக்கு வேறு குக்கர் நான் வாங்குவேன். போத்தலில் பெயர் எழுதி ஒட்டுவதும் என் வேலை. நீ வரும்வரை அந்தக் கதவை யாரும் துடைக்கக் கூடாது.

இப்படிக்கு,
இன்னும் கோபம் தீராத
உன் வீட்டுக்காரன்