மூடியே கிடக்கும் பைபிள்

ஜீவனஹள்ளி,
ஞாயிறு

அம்மாவுக்கு மகள் பியூலாவின் ஸ்தோத்திரம். உங்கள் முட்டிவலி தேவலையா? போனில் பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறேன், கவலைப்படாதீர்கள்.

இன்று சர்ச்சில் ஒரு கூத்து. எல்லாரும் வசனம் வாசிக்க, நான் மட்டும் பைபிளை மூடியபடி மடியில் வைத்திருந்தேன். பக்கத்து வீட்டு ஹெலன் அக்கா, "புருஷன் போன துக்கத்துல அழுதழுது கண்ணு மங்கிடுச்சா?" என்று தன் கண்ணாடியைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டார். தன் பைபிளை நீட்டி, "இப்போ தெரியுதா?" என்றார். "தெரியுதுக்கா" என்றேன்.

எனக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது, அம்மா. புத்தாண்டு ஆராதனையில் அந்த வருஷத்துக்கான வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையை ஆளுக்கொன்று எடுத்தோமே, அன்று உதயாவுக்கு டியூட்டி. அவர் பேருக்கும் நான்தான் எடுத்தேன். நீண்ட ஆயுள் தருவதாக வசனம் வந்தது. பிப்ரவரியில் அவரை அடக்கம் செய்தோம். அந்த அட்டை என் பைபிளுக்குள்தான் இருக்கிறது, எந்தப் பக்கம் என்று நினைவில்லை. அதனால் திறப்பதே இல்லை. ஜெபத்துக்கு உட்கார்ந்தாலும் "ஆண்டவரே" என்பதற்கு மேல் ஒன்றும் வருவதில்லை.

குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, முடிக்கிறேன். தம்பி வரும்போது கொஞ்சம் கருவாடும் அப்பாவின் பழைய பைபிளும் கொடுத்தனுப்புங்கள். அதற்கு முன் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, உள்ளே எந்த அட்டையும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பியூலா