நீயும் ஸ்கேன் எடுத்துவிடு

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். உன் அண்ணன் உயிரோடு இருக்கிறார். அதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதை நீ நிதானமாகப் படிப்பாய்.

போன மாதம் அவருக்கு வயிறு உப்பியது. தொப்பை போட்டுவிட்டது என்று நானே கேலி செய்தேன். ஒரே வாரத்தில் கால்கள் வீங்கி, செருப்புக்குள் நுழையவில்லை. கண்ணும் மஞ்சளாகிவிட்டது. ஸ்கேனில் பார்த்தால் ஈரலில் பந்து அளவுக்கு நீர்க்கட்டி. நாய் வயிற்றில் இருக்கும் நாடாப்புழுவின் முட்டை இவர் வாய்க்குள் போய், பத்து வருடத்துக்கு மேலாகச் சத்தமில்லாமல் வளர்ந்திருக்கிறதாம். அது அழுத்தி, ஈரலிலிருந்து ரத்தம் வெளியேறும் குழாய்கள் அடைத்துவிட்டன.

நீங்கள் இரண்டு பேரும் வேலை பார்த்த ஆடு அறுக்கும் கூடத்தில் கழிவு ஈரலைத் தின்று திரிந்த நாய்கள் உனக்கு நினைவிருக்கும். அதுகளைக் கொஞ்சிய கையோடுதானே இரண்டு பேரும் சாப்பிட உட்கார்வீர்கள்.

நேற்றுக் காலை கழுத்து வழியாகக் கம்பி விட்டு, அடைத்த குழாயைத் திறந்து வைக்க ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாயை வைத்தார்கள். சம்மதத் தாளில் என் பெயரையே தப்பாக எழுதினேன். ஆபரேஷன் அறைக் கதவு திறந்தபோதெல்லாம் எனக்கு உயிர் போய் வந்தது. ரத்தம் ஓடுகிறது என்றார் டாக்டர். இன்று கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது.

ஆனால் கட்டி அப்படியேதான் இருக்கிறது. சில வாரம் புழு மாத்திரை, பிறகு ஆபரேஷன். நடுவில் உடைந்தால் உயிருக்கே ஆபத்தாம். அவர் இருமினால்கூட ஓடிப்போய் நர்ஸைக் கூப்பிடுகிறேன்.

அந்தக் கூடத்தில் இவரோடு வேலை செய்தவர்கள் குடும்பத்தில் வேறு யாராவது உண்டா என்று டாக்டர் கேட்டார். இவர் இல்லை என்று சொல்லிவிட்டார். டாக்டர் போனதும் ஏன் என்று கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டே, "படிச்சிட்டிருந்தவன நான்தான் அங்க இழுத்துட்டுப் போனேன்" என்றார். உனக்கு எழுதக் கூடாது என்று என்னிடம் சத்தியமும் வாங்கினார்.

சத்தியத்தை மீறித்தான் எழுதுகிறேன். நாளைக்கே ஸ்கேன் எடு. வலியில்லையே என்று இருந்துவிடாதே, அவருக்கும் வலியே இல்லை. சின்னக் கட்டியாக இருந்தால் மாத்திரையிலேயே சரியாகலாமாம். எது வந்தாலும் மறைக்காமல் எழுது.

அவரை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ நன்றாக இருக்க வேண்டும், தம்பி. இல்லையென்றால் எந்த மருந்தும் அவரைக் காப்பாற்றாது.

உன் அண்ணி